கொடி எழுத்துக் கல்யாணம்

பெருமாநல்லூர் ரோட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பனியன் தைப்பதில்லை. தைக்கப் போகும் துணியில் பூ, பொம்மை, எழுத்து எல்லாம் அச்சடித்துக் கொடுப்போம். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் சட்டையில் கரடி சிரிக்கிறது என்றால், அந்தக் கரடி எங்கள் கம்பெனியின் நீள மேஜையில் காய்ந்ததாக இருக்கலாம். கரடிக்கும் அதன் கீழே வரும் எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் உருவம் கொடுக்கும் அறையில்தான் எனக்கு வேலை. அறையில் ஏசி உண்டு. அது கம்ப்யூட்டருக்காகப் போட்டது, எங்களுக்காக இல்லை என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் குளிர் எங்களையும் விடவில்லை. வெளியே மை வாசனையும் வெக்கையுமாக எல்லோரும் வேர்த்துக்கொண்டிருக்க, நான் உள்ளே துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அது இரண்டாயிரங்களின் தொடக்கம். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தது. அப்பா டெய்லர், அம்மாவுக்குத் தைத்த பனியனில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை. நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, தட்டச்சும் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பதும் படித்திருந்தேன். சிறு வயதிலேயே திருப்பூருக்கு வந்துவிட்டதால் என் பேச்சு இரண்டும் கெட்டான். வீட்டில் பேசினால் ‘என்னட்டி கோயம்புத்தூர்க்காரி மாதிரி இழுக்குத’ என்பார் அம்மா. கம்பெனியில் பேசினால் ‘திர்நவேலி வந்துருச்சு’ என்று சிரிப்பார்கள்.

கம்பெனியை நடத்தியது ஓர் அக்கா. வயதில் என் அம்மாவை ஒத்தவர்தான், ஆனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்கா. அவருடைய கணவர் தோட்டம் துரவைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார். சனிக்கிழமை சனிக்கிழமை தேங்காயும் கீரையுமாக வருவார். கம்பெனிக்குள் நுழைந்தால் எதையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அக்காவோ மையைக் கையில் தொட்டுப் பார்த்தே இது சலவையில் நிற்கும், இது நிற்காது என்பார்.

ஒரு நாள் அக்கா பெங்களூர் போய்வந்தபோது ஒரு சிடி வாங்கி வந்தார். முழுக்க ஆங்கில எழுத்துருக்கள். வேலை இல்லாத ஒரு மத்தியானம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தடி எழுத்து, கட்டை எழுத்து, பேய்ப் பட எழுத்து, பலூன் எழுத்து. நடுவில் அது வந்தது.

மைக்கூட்டில் தொட்டு எழுதும் பழைய பேனாவால் யாரோ பொறுமையாக எழுதியது போன்ற சாய்வெழுத்து. கீழே இறங்கும் கோடு தடித்தும், மேலே ஏறும் கோடு முடி போல மெலிந்தும் இருந்தது. ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையைத் தொட்டு, சொல் முழுவதும் கையை எடுக்காமல் எழுதியதாகத் தெரியும். பெரிய எழுத்துகள்தான் அதன் அழகே. ஒவ்வொன்றும் சுற்றிச் சுழித்து, ஒரு வளையத்தைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் வரும். நான் என் பெயரை அடித்தேன். அதை அளவு பெருக்கி, திரை முழுக்க நிறுத்தி, பார்த்துக்கொண்டே இருந்தேன். நோட்டுப் புத்தகத்திலும் ரேஷன் கார்டிலும் பார்த்த என் பெயருக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

அக்கா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“என்ன கண்ணு இது, அவரைக்கொடி மாதர படருது?” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் அதற்குக் கொடி எழுத்து என்றே பெயர்.

புதிதாக வண்டி ஓட்டக் கற்றவன் பக்கத்துக் கடைக்கும் வண்டியிலேயே போவது போல, நான் எல்லாவற்றுக்கும் கொடி எழுத்தைப் போட்டேன். முதலில் ஒரு சொல்லை முழுவதும் பெரிய எழுத்திலேயே அடித்தேன். சுழிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, நூல் சிக்கு விழுந்தது போல ஆயிற்று. பிறகு, எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் காற்றோட்டம் இருக்கட்டும் என்று இடைவெளி விட்டேன். கைகோத்து நின்ற எழுத்துகள் எல்லாம் கையை விட்டுவிட்டன. வால் வால்களாகத் தொங்கின. சட்டையின் உள்ளே தைக்கும் துவைப்புக் குறிப்பு லேபிளில்கூட ஒரு முறை போட்டுப் பார்த்தேன். அக்கா அதைக் கண்ணுக்கு அருகில் வைத்து, தூரத்தில் வைத்து, கடைசியில் என்னிடமே தந்தார்.

“இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள துணி தொவச்சே காஞ்சுரும் கண்ணு.”

இப்படித் தட்டுத் தடுமாறிக் கொண்டிருந்தபோதுதான் கொடி எழுத்துக்கே ஏற்ற ஒரு ஆர்டர் வந்தது. பெண்களுக்கான இரவு உடுப்பு. வெளிர் நீலத் துணி, நெஞ்சில் ‘ட்ரீம்ஸ்’ என்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல். கனவு என்ற சொல்லுக்குத் தடி எழுத்தா போட முடியும்? நான் கொடி எழுத்தில் போட்டு, முதல் எழுத்தின் வாலை மட்டும் நீட்டி, முழுச் சொல்லுக்கும் கீழே ஓடவிட்டேன். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையருக்கு அனுப்பிய படம் உடனே பிடித்துவிட்டது. ஆனால் அவர்கள் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்கள்: மையில் வேண்டாம், நூலில் வேண்டும்.

எம்பிராய்டரி எங்களிடம் கிடையாது. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு யூனிட்டுக்கு வேலை போயிற்று. மறுநாளே போன் வந்தது.

“ஏனுங்க, டிசைன் செக்சனுங்களா? நான் பஞ்சிங் பண்றவனுங்க. இந்த எழுத்தோட வாலு நூல்ல வர மாட்டேங்குதுங்க.”

பஞ்சிங் என்பது, நாம் வரைந்த படத்தில் ஊசி எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று கம்ப்யூட்டரில் மெஷினுக்குச் சொல்லும் வேலை. அந்தக் குரல் மரியாதையாகத்தான் கேட்டது. எனக்குத்தான் என் வாலைப் பற்றிச் சொன்னதும் கோபம் வந்தது.

“வால் இல்லன்னா அந்த எழுத்தே இல்லீங்க.”

“வாலு இருந்தா துணியே இல்லீங்க. ஊசி எறங்கி எறங்கி ஓட்டை விழுகுது.”

“கொஞ்சம் மெதுவா ஓட்டிப் பாருங்க.”

“மெசினு ஓடுதுங்க, மாட்டுவண்டி இல்லீங்களே.”

போனை வைத்துவிட்டேன். மத்தியானம் அவரே மறுபடி கூப்பிட்டார். வாலைக் கொஞ்சம் தடித்துக் கொடுத்தால் முயன்று பார்ப்பதாகச் சொன்னார். தடித்துக் கொடுத்தேன். அடுத்த நாள், எழுத்துகள் சேரும் இடத்தில் தையல் மேல் தையல் விழுந்து முடிச்சுப் போலப் புடைப்பதாகச் சொன்னார். அதற்கடுத்த நாள் வேறு ஒன்று. ஒரு கட்டத்தில் போன் அடித்தாலே பக்கத்து சீட்டு அக்கா, ‘உன்ற வாலுக்காரர்’ என்று எடுத்துத் தர ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் முதலாளி அக்காதான், “போன்ல சண்டை போட்டா ஆகாது கண்ணு. நேர்ல போய்ப் பாத்துட்டு வா” என்று என்னை அனுப்பிவைத்தார்.

முதலிபாளையத்தில் இறங்கி விசாரித்துப் போனேன். குரலை வைத்து வயதான ஆள் என்று நினைத்திருந்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக, சட்டைப் பையில் சிறிய கத்தரிக்கோல் செருகிய ஒருவர் எழுந்து வந்து, “நீங்கதானுங்களா அது?” என்றார். கைகழுவிவிட்டு வந்து எனக்கு டீ சொன்னார். பிறகு மெஷினைக் காட்டினார்.

நீளமான மெஷின். வரிசையாக ஊசிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு நீலத் துணி. அவர் பொத்தானை அழுத்தியதும் எல்லா ஊசிகளும் ஒரே சமயத்தில் என் எழுத்தை எழுதத் தொடங்கின. முதல் எழுத்தின் வளைவு எல்லாத் துணிகளிலும் ஒன்றாகத் திரும்பியது, ஒன்றாக இறங்கியது. வெள்ளைப் பட்டு நூலில் விளக்கு வெளிச்சம் பட்டு, தடித்த இடம் மின்னியது. திரையில் இருந்தது வெறும் படம். இது தொட்டால் கையில் தட்டுப்பட்டது.

“நல்லாத்தான இருக்கு?” என்றேன்.

“இப்பப் பாருங்க” என்றார்.

ஊசிகள் வாலுக்கு வந்தன. மெல்லிய கோட்டில் ஊசி முன்னும் பின்னும் இறங்க இறங்க, பனியன் துணியின் கண் விரிந்து விட்டுக்கொடுத்தது. அவர் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வால் ஓடிய வழி முழுக்கப் பொடிப் பொடி ஓட்டை. போனில் அவர் சொன்னது ஒன்றும் சாக்கு இல்லை என்று அப்போது புரிந்தது.

அவருடைய கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்தோம். மெலிந்த கோடுகளை நான் தடித்தேன். எல்லாவற்றையும் ஒரே அளவு தடித்தால் அழகு போய்விடும் என்பதால், தடித்த கோட்டையும் ஒரு சுற்று கூட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறபடி வைத்தேன். எழுத்துகள் தொடும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு நிற்க வைத்தோம். அவர் தையலின் சாய்வை எழுத்தின் சாய்வோடு திருப்பினார். வாலை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதை ஒரு இடத்தில் வெட்டி, சொல்லின் பாதியிலேயே முடித்தேன். அப்படி முடித்தது முன்பைவிட நன்றாகவே இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அவர் சொன்னார்.

“இப்பத்தானுங்க வாலு எழுத்தோடது மாதர இருக்கு. முன்ன தனியா ஓடிட்டு இருந்துச்சு.”

சாம்பிள் ஒப்புதலாகி வந்த அன்று அக்கா எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். வெளிர் நீல உடுப்பைத் தன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “என்ற மவ கல்யாணத்துக்கு எல்லாமே இந்த எழுத்துலதான் கண்ணு. நீதான் பண்ணோணும்.”

அக்காவின் மகள் கோயம்புத்தூரில் படித்து முடித்திருந்தாள். மாப்பிள்ளை ஈரோட்டில் வேலையில் இருந்தார். அவருடைய அம்மா பிறந்த ஊர் குண்டடம் பக்கம். கல்யாணப்பெண் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். பத்திரிகையின் அட்டையில் இரண்டு பேருடைய முதல் எழுத்தையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் பொன்னிறத்தில் போட்டேன். உள்ளே விவரம் எல்லாம் எப்போதும் போலத் தமிழில். தாம்பூலப் பையில் அதே பின்னல், சிறியதாக. உறவினர் வரும் பஸ்ஸின் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். ஒவ்வொன்றும் அச்சாகி வரும்போது அவள் வாசனை பிடித்துப் பார்ப்பாள். இரண்டே எழுத்து, சுற்றிலும் வெற்றிடம். கொடி எழுத்து படர இடம் கொடுத்தால் எவ்வளவு அழகு என்று அந்தப் பத்திரிகையில்தான் எனக்குப் பிடிபட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மண்டப வாசலில் வைக்கும் தெர்மாகோல் போர்டும் அதே எழுத்தில் வேண்டும் என்றாள் அவள். இரண்டு முழுப் பெயர்கள், நடுவில் ‘வெட்ஸ்’. எல்லாம் ஆங்கிலத்தில். அக்கா மட்டும், “ஊர்க்காரங்களுக்குப் படிக்க வருமா கண்ணு?” என்றார்.

“அம்மா, போர்டப் படிச்சா கல்யாணத்துக்கு வருவாங்க? பத்திரிகை பாத்துதான வருவாங்க” என்றாள் மகள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டெக்கரேஷன்காரரிடம் படத்தைக் கொடுத்தபோது, அவர் மெல்லிய கோடு தெர்மாகோலில் ஒடிந்துவிடும் என்றார். அதற்குத்தான் நான் முதலிபாளையத்தில் பாடம் படித்திருந்தேனே. “ஒண்ணுக்கு ரெண்டாத் தடிச்சு வெட்டுங்கண்ணா” என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் சொன்னதைச் செய்தார். சொல்லாததையும் செய்தார். தடித்த கோட்டில் சுழிகளுக்குள் இருந்த இடைவெளி எல்லாம் அடைந்துபோயிற்று. மேலே வெள்ளி ஜிகினா. ஜிகினாவின் மேல் ரோஜா. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்புக்கு நான் மண்டபத்துக்குப் போனபோது, வாசலில் தகதகவென்று ஒரு பெரிய அலங்காரம் நின்றுகொண்டிருந்தது. எழுதிய எனக்கே எங்கே பெண் முடிந்து எங்கே மாப்பிள்ளை தொடங்குகிறார் என்று தெரியவில்லை. ஆனால் பார்க்க நன்றாக இருந்தது. பேசாமல் உள்ளே போய்விட்டேன்.

அந்த மண்டபத்தில் மாடியில் ஒரு ஹால், கீழே ஒரு ஹால். நல்ல முகூர்த்த நாள் என்பதால் கீழேயும் ஒரு கல்யாணம். எங்களுடையது மாடி. வெளி கேட் ஒன்றுதான்; உள்ளே நுழைந்தால் இடது பக்கம் மாடிப்படிக்கு எங்கள் வளைவு, வலது பக்கம் அவர்கள் வளைவு. அவர்கள் போர்டில் தமிழில், கட்டை எழுத்தில், மஞ்சள் தாளில் வெட்டிப் பெயர்களை ஒட்டியிருந்தார்கள். யாரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே பெயர்.

எம்பிராய்டரி யூனிட்டுக்கும் அக்கா பத்திரிகை கொடுத்திருந்தார். பஞ்சிங்காரர் இஸ்திரி போட்ட சட்டையும், அன்றைக்கும் பையில் அந்தக் கத்தரிக்கோலுமாக வந்திருந்தார். “வாசல்ல என்னங்க அது, பஞ்சிங் பண்ணாம அப்படியே தெச்ச மாதர இருக்குது?” என்றார்.

சற்று நேரத்தில் மேடைப் பக்கம் சலசலப்பு. மாப்பிள்ளைக்கு முதல் மாலையைத் தாய்மாமன்தான் போட வேண்டும். மாமன் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “எங்கண்ணன் வராம ஆரு மாலையத் தொடறது?” என்று நின்றுவிட்டார். குண்டடத்திலிருந்து பஸ் வந்துவிட்டது, டிரைவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறார், ஆனால் பஸ்ஸில் வந்த ஒருவரையும் காணவில்லை என்று தகவல் வந்தது. மாமனிடம் செல்போன் கிடையாது. போன வாரம் ஏதோ வருத்தம் இருந்ததே, அதனால் திரும்பிப் போய்விட்டாரோ என்று ஒருவர் சொல்ல, அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

பார்த்து வரலாம் என்று நான் கீழே இறங்கினேன். எங்கள் வளைவுக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வெற்றிலை போட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்கண்ணு, இது கோலமா, எழுத்தா?” என்று என்னிடம் கேட்டார்.

“எழுத்துதாங்கய்யா. பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும்.”

“அப்படியா. நல்லாத்தான் இருக்குது. நம்ம மாப்பளை பேரு அக்கட்டால தமிழ்லயே போட்டிருக்குது பாரு” என்று கீழ் ஹாலைக் கைகாட்டினார்.

“நீங்க எந்த ஊருங்கய்யா?”

“குண்டடம் பக்கம் கண்ணு. மாப்பளைக்கு மாமன் ஊட்டுச் சனம் நாங்க. எல்லாரும் உள்ள சாப்பிடறாங்க. பந்தி நல்ல கவனிப்பு.”

நான் மாடிக்கு ஓடவில்லை. படியில் நின்றிருந்த பஞ்சிங்காரரிடம் ஓடினேன். மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் அவர் சிரிக்கவில்லை. “வாங்க, மொதல்ல மாமனக் கூட்டியாரலாம்” என்றார்.

கீழே சாப்பாட்டு ஹாலில் ஒரு வரிசை முழுக்கக் குண்டடம். நடுவில் கனத்த உடம்பும் நரைத்த மீசையுமாக மாமன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கீழ் ஹால் கல்யாணப்பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்று நினைத்துத் தானே வாளி ஏந்திப் பரிமாறிக்கொண்டிருந்தார். நான் மாமனின் காதருகே குனிந்து, மெதுவாகச் சொன்னேன். அவர் பிசைந்த கையை அப்படியே நிறுத்தினார்.

“அப்ப இது நம்ம கல்யாணம் இல்லியா?”

“இல்லீங்க. மாடியிலங்க.”

“அதானே பாத்தேன். வந்ததுலருந்து எல்லாரும் வாங்க வாங்கங்கறாங்க, ஒருத்தர் மொகமும் தெரியல. பொண்ணூட்டுக்காரங்கன்னு நெனச்சுட்டு இருக்கறேன்.” அவர் எழப் பார்த்தார். அதற்குள் விஷயம் அந்த அப்பாவுக்கும் எட்டிவிட்டது. அவர் மாமனின் தோளில் கை வைத்து உட்காரவைத்தார்.

“எலையில உக்காந்தவிங்க பாதியில எந்திரிக்கக் கூடாதுங்க. ஆரு கல்யாணமா இருந்தா என்னங்க, பாயாசம் வரட்டும்.”

“அங்க என்ற தங்கச்சி அழுதுட்டிருக்காளாமுங்க.”

“இப்பவே ஆளு சொல்லி உடறனுங்க. நீங்க பாயாசம் குடிச்சுட்டுப் போனீங்கன்னா எம் மனசு குளுரும்.”

ஒரு ஆள் மாடிக்கு ஓடினார். மாமன் பாயாசம் குடித்தார். கை கழுவியதும் அந்த அப்பா அவரை வெறுமனே அனுப்பவில்லை. தன் வீட்டு நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் கூப்பிட்டு, முன்னால் வாசிக்கச் சொல்லி, தானும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். குண்டடத்துச் சனம் முழுவதும் மேளதாளத்தோடு மாடியேறியது. மேலே எங்கள் மேளக்காரர்கள் பாதிப் பாட்டில் இதைக் கேட்டுத் திகைத்து, பிறகு தாங்களும் அதே ராகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

“சாப்புட்டியா அண்ணா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“ம். பக்கத்துக் கல்யாணத்துல” என்றார் மாமன்.

அதற்குமேல் மேடையில் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கீழேயிருந்து அந்த மாப்பிள்ளையையும் அழைத்து வந்தார்கள். ஒரே பெயர்க்காரர்கள் இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

நான் அந்த போட்டோவில் இல்லை. இன்னும் பஸ்கள் வந்துகொண்டிருந்தன. தாம்பூலப் பை வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் பரப்பி, டெக்கரேஷன்காரரிடம் பிரஷ்ஷும் மெரூன் பெயிண்ட்டும் வாங்கி, வாசல் படியில் உட்கார்ந்தேன். பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும். கட்டை எழுத்தில் எழுதக் கை போகவில்லை. இறங்கும் கோட்டில் பிரஷ்ஷை அழுத்தினேன், ஏறும் கோட்டில் லேசாக விட்டேன். தமிழ் எழுத்துக்கு வளைவைச் சொல்லித்தரவா வேண்டும்? கொம்பும் சுழியும் அதற்குக் கூடவே பிறந்தவை. சாய்வு மட்டும் கொஞ்சம் கொடுத்தேன். எழுத்துக்குள் இருக்கும் வெளியை அடைக்காமல் பார்த்துக்கொண்டேன். பஞ்சிங்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அட்டை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இந்தச் சுழிய இன்னுங் கொஞ்சம் தெறந்து உடுங்க” என்றார் ஒரு இடத்தில்.

திறந்து விட்டேன். அவர் கத்தரிக்கோலால் ஓரத்தை நேராக்கி, மண்டபத்துப் பூமாலைச் சரம் ஒன்றைச் சுற்றிலும் கட்டி, ஜிகினா அலங்காரத்துக்குக் கீழே மாட்டினார். அடுத்த பஸ்ஸில் இறங்கிய முதல் அம்மாள் தூரத்திலிருந்தே சத்தமாகப் படித்துவிட்டு, நேராக மாடிக்குப் போனார்.

அக்கா வெகுநேரம் கழித்துத்தான் கீழே வந்தார். என்ன சொல்வாரோ என்று நான் பெயிண்ட் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அட்டையை வாசித்தார். மேலே இருந்த ஜிகினாவையும் பார்த்தார்.

“இது ரெண்டும் ஒரே கை எழுதுனதுன்னு தெரியுது கண்ணு. அது சீவிச் சிங்காரிச்சுட்டு நிக்குது, இது வாய் தொறந்து பேசுது. ரெண்டும் இருக்கட்டும்” என்றார். பிறகு மெல்லச் சிரித்தார். “அந்த மாமன் பாயாசம் குடிச்சுட்டுத்தான் வந்தாராமா?”

கீழ் ஹால் கல்யாணத்து அப்பா அடுத்த மாதமே கம்பெனிக்கு வந்தார். இளைய மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. “அந்த அட்டைல எழுதுன புள்ளைய பத்திரிகை எழுதச் சொல்லுங்க” என்று அக்காவிடம் கேட்டாராம். பனியன் பிரிண்ட் போக, பத்திரிகை வேலையும் இப்படித்தான் என்னிடம் வரத் தொடங்கியது. வருகிறவர்கள் எல்லாவற்றையும் கொடி எழுத்தில் கேட்டால், முதல் எழுத்துக்கு மட்டும் போட்டுக் காட்டுவேன். மற்றதைப் படிக்கிற எழுத்தில் வைப்பேன். பத்தில் எட்டுப் பேர் சரி என்பார்கள். மீதிப் பேர் சண்டை போடுவார்கள்; அவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் காலியாக விட்டுவிடுவேன்.

முதலிபாளையத்துப் போன் நின்றுபோகவில்லை. வேலை இருந்தாலும் வந்தது, இல்லாவிட்டாலும் வந்தது. பஞ்சிங்காரர் வீட்டாரும் எங்களைப் போலச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்று தெரிந்ததும் முதலாளி அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்காகப் பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“பையன் என்ன சோலி பாக்கான்?” என்று கேட்டார் அப்பா.

“பஞ்சிங்குங்க.”

“பஞ்சு மில்லா? தூசி ஆகாதே.”

“பஞ்சு இல்லீங்க, பஞ்சிங். நூலு எந்தப் பக்கம் போகோணும்னு மெசினுக்குச் சொல்ற வேலைங்க.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “அப்பம் எம்மவளுக்கும் எந்தப் பக்கம் போவணும்னு சொல்லுவானோ?”

“சொன்னா மட்டும் அவ கேட்டிருவாளாக்கும்” என்றார் அடுப்படியிலிருந்து அம்மா.

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எங்கள் கல்யாணப் பத்திரிகைக்கு இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு கட்டளை. எங்கள் அம்மாவுக்கு பைபிள் வசனம் பெரிதாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் எல்லா மாமன் பெயரும் இருக்க வேண்டும். கோடு தடிமனா மெலிவா என்று நாங்கள் இரண்டு பேரும் போனில் வாரக்கணக்காக வாதாடினோம். அச்சாகி வந்த முதல் பிரதியை அவர் தன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா கண்ணாடியைத் தேடாமல், பத்திரிகையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வசனத்தில் தொடங்கி, மாமன்மார் ஒவ்வொருவராக, அச்சகத்தின் பெயர் வரைக்கும் உரக்கப் படித்து முடித்துவிட்டு, “மருமவ எழுதுனதா? அழுத்தமாத்தான் எழுதியிருக்கறா” என்றாராம். இதை அவர் எனக்குப் போனில் சொன்னபோது, பக்கத்து சீட்டு அக்கா தன் வேலையை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.